யூத வெறுப்பு: கோடைக்கானலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டக்கானலில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், ஏழு ரோடு பக்கம் டாக்சி ஓட்டுகிறவர்கள், என்னிடம் வரலாறு படித்துவிட்டு இப்போது மதுரை, திண்டுக்கல் கல்லூரிகளுக்குப் போகிற பிள்ளைகள் எனப் பலரும் கேட்ட கேள்விகள் இவை. திரும்பத் திரும்ப வருகிறவற்றை மட்டும் எடுத்து, கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டு, பதில் எழுதியிருக்கிறேன்.

கோடையில இருக்கிற நமக்கு இது எதுக்கு, சார்?

வட்டக்கானல் நம் ஊரில்தானே இருக்கிறது. கட்டாய ராணுவச் சேவை முடித்த இஸ்ரேல் இளைஞர்கள் பல வருடங்களாக அங்கே வந்து தங்குகிறார்கள். டால்ஃபின் நோஸ் போகும் பாதையில் ஹீப்ரு எழுத்தில் கடைப் பலகை பார்த்திருப்பீர்கள். வெளியூர்க்காரர்கள் அந்தக் கிராமத்தைக் 'குட்டி இஸ்ரேல்' என்றே சொல்கிறார்கள்.

2016 அக்டோபர் தொடக்கத்தில் கேரளாவின் கண்ணூர் மாவட்டத்தில் உள்ள கனகமலையில் கூடியிருந்த ஒரு குழுவை என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) கைது செய்தது. ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற பயங்கரவாத இயக்கத்தின் சிந்தனையில் ஊறிய இளைஞர்கள் அவர்கள். அவர்கள் குறிவைத்த இடங்களில் வட்டக்கானலும் ஒன்று, அங்கே தங்கும் யூதப் பயணிகளைத் தாக்கத் திட்டமிட்டார்கள் என்பது வழக்கு. 2019 நவம்பரில் கொச்சி என்.ஐ.ஏ. நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. கைதுக்குப் பிறகுதான் வட்டக்கானலில் போலீஸ் காவல் கூடியது.

அந்தப் பையன்களுக்கும் இங்கே ஆம்லெட் போட்டுத் தருகிற நம் ஆட்களுக்கும் எந்தப் பகையும் இல்லை. இங்கே தங்கியிருந்த ஒரு யூதரையாவது அவர்களுக்கு நேரில் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். போனில் படித்ததும் பார்த்ததும்தான் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தின. அதே சரக்கு வேறு வேறு லேபிளில் நம் போனுக்கும் வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இஸ்ரேல்காரரும் யூதரும் ஒன்றுதானே?

இல்லை. இஸ்ரேல் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அரபியர். உலக யூதர்களில் பாதிக்கு மேல் இஸ்ரேலுக்கு வெளியே, பெரும்பாலும் அமெரிக்காவில் வாழ்கிறார்கள். எல்லோரையும் கூட்டினாலும் சுமார் ஒன்றரைக் கோடிதான் வரும். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் கால் பங்குகூட இல்லை. 'உலகத்தையே ஆளுகிறார்கள்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் யூத வெறுப்பே இருந்ததில்லை என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. பெருமைப்படவும் இடமுண்டு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபடி ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு அஞ்சுவண்ணம் என்ற உரிமையும் 72 சலுகைகளும் கொடுத்துச் செப்பேடு வெட்டினான். அது வட்டெழுத்தில் இருக்கிறது. அதில் அவர் பெயர் 'ஈசுப்பு இரப்பான்'. கூப்பிட்டால் நம் பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார் போலிருக்கும். சென்னை மண்ணடியில் பவளக்காரத் தெரு இருக்கிறதே, அங்கே பவள வியாபாரம் செய்தவர்களில் யூதர்கள் முக்கியமானவர்கள்.

ஆனால் இந்த மண்ணில் நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. போர்ச்சுகீசியர் 1560-ல் கோவாவில் மத விசாரணை மன்றம் அமைத்தார்கள். யூத மரபிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் ரகசியமாகப் பழைய வழிபாட்டைத் தொடர்கிறார்களா என்று துருவியது அது. கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி 1563-ல் கோவாவிலேயே ஒரு பெரிய நூல் அச்சிட்டவர். 1568-ல் இறந்தார். மறு வருடம் அவருடைய தங்கையை உயிரோடு எரித்தார்கள். 1580-ல் அவருடைய எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள். கொச்சி பரதேசி யூத ஆலயம் 1662-ல் போர்ச்சுகீசியர் கையில் எரிந்தது.

பிறகு 2008 நவம்பர், மும்பை. தாஜ் ஹோட்டலும் ரயில் நிலையமும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே தாக்குதலில் நரிமன் ஹவுஸ் என்ற சிறிய யூத விடுதியைத் தேடிப்போய் உள்ளே இருந்த ஆறு பேரைக் கொன்றார்கள். அந்தச் சந்துக்குள் இருந்த விடுதி தற்செயலாகச் சிக்கவில்லை. யூதர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது.

இந்த வெறுப்பு எப்படி ஆரம்பித்தது?

ஏசுவைக் கொன்றவர்கள் என்ற பழியில் தொடங்கி ஐரோப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. 1144-ல் இங்கிலாந்தில் நார்விச் என்ற ஊரில் ஒரு சிறுவன் இறந்துகிடந்தான். சடங்குக்காக யூதர்கள்தான் கொன்றார்கள் என்று கதை கட்டினார்கள். பிள்ளைகளைக் கடத்தி ரத்தம் எடுக்கிறார்கள் என்று அது பிற்பாடு வளர்ந்தது. 1348-ல் கொள்ளைநோய் வந்தபோது, கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்றார்கள். 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். அப்போது அந்த ஊருக்கு நோய் வந்து சேரவேயில்லை.

இதெல்லாம் அந்தக் கால ஐரோப்பியர்களின் மடமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் அருகே, குலதெய்வம் கோயிலைத் தேடி வந்த 65 வயது அம்மா ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பியவர்கள் அவரை அடித்தே கொன்றார்கள். 2020-ல் கொரோனாவை முஸ்லிம்கள் வேண்டுமென்றே பரப்புகிறார்கள் என்ற பேச்சையும் நாம் கேட்டோம். பிள்ளை, நோய், கிணறு என்று பயத்தைத் தொட்டால் மனிதனுக்கு விசாரிக்கத் தோன்றுவதில்லை. நார்விச்சுக்கும் அத்திமூருக்கும் நடுவே 874 வருடங்கள்.

வலதுசாரி, இடதுசாரி, மதவாதி எல்லாம் ஒருவருக்கொருவர் பரம எதிரிகள். இதில் மட்டும் எப்படி ஒத்துப்போகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவிக்கு நன்றி. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

மற்ற வெறுப்புகள் பெரும்பாலும் ஒரு கூட்டத்தைக் கீழாகப் பார்க்கும். சாதி வெறி அப்படித்தான். யூத வெறுப்பு அவர்களைக் கீழாகவும் பார்க்கும், சர்வ வல்லமை கொண்டவர்களாகவும் பார்க்கும். திரைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் ஆட்டுவிக்கிற ஒரு ரகசியக் கை என்கிறது. தீவிரவாதம் எந்த நிறத்தில் இருந்தாலும் அதற்கு இப்படி ஒரு கை தேவைப்படுகிறது. 'நம் கொள்கை சரியானது, மக்கள் நம் பக்கம், ஆனாலும் தோற்கிறோம், ஏன்?' என்ற கேள்விக்கு அதுதான் சுலபமான பதில்.

நாஜிகள் யூதரை முதலாளி என்றார்கள், அதே மூச்சில் கம்யூனிஸ்ட் என்றும் சொன்னார்கள். சோவியத்தில் ஸ்டாலின் ஆட்சி அவர்களை வேரற்றவர்கள், அமெரிக்காவின் கையாட்கள் என்றது. 1952 ஆகஸ்ட் 12-ல் யூத பாசிச எதிர்ப்புக் குழுவைச் சேர்ந்த 13 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷின் பெரிய கவிஞர்கள் இருந்தார்கள். ஹிட்லரை எதிர்த்து சோவியத்துக்காகப் பிரசாரம் செய்தவர்கள் அவர்கள்! 1953 ஜனவரியில், தலைவர்களை விஷம் வைத்துக் கொல்லச் சதி செய்ததாகப் பெரும்பாலும் யூத டாக்டர்கள் மேல் குற்றம் சாட்டினார்கள். மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். ஏப்ரலில் அது ஜோடித்த வழக்கு என்று அரசே ஒப்புக்கொண்டது.

இன்றைய வெள்ளை இனவெறியர்கள், வெள்ளையர் நாடுகளில் வெளிநாட்டவரைக் குடியேற்றுவதே யூதர்களின் திட்டம் என்கிறார்கள். 2018 அக்டோபர் 27-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 11 பேரைச் சுட்டவன் அதை நம்பியவன். அகதிகளுக்கு உதவுகிற ஒரு யூத அமைப்பின் மேல் அவனுக்கு ஆத்திரம். 2012-ல் பிரான்சின் துலூஸில் யூதப் பள்ளி வாசலில் ஓர் ஆசிரியரையும் மூன்று குழந்தைகளையும் கொன்றவனோ அல்கொய்தா வழியில் போனவன். இந்த இரண்டு பேரும் சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் சுட்டிருப்பார்கள். ஆனால் இருவர் தலையிலும் இருந்தது ஒரே எதிரிதான்.

நம் மலையில் சீகை மரத்தை வெட்டிய இடத்திலேயே மறுபடி கன்று முளைப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். இதுவும் அப்படித்தான். ஒரு சித்தாந்தம் தோற்றதும் இது செத்துவிடுவதில்லை. அடுத்து வருகிற கொள்கையில் தலை காட்டுகிறது.

யூதப் பெரியவர்களின் ரகசியத் திட்டம் என்று ஒரு பி.டி.எஃப். வந்தது. உண்மையா?

பொய். வரலாற்றில் இவ்வளவு தெளிவாகப் பிடிபட்ட போலிகள் குறைவு. 1903-ல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் வெளியானது. உலகை வசப்படுத்த யூதத் தலைவர்கள் ரகசியமாகக் கூடிப் பேசிய குறிப்புகள் என்று சொன்னார்கள். 1921-ல் லண்டன் டைம்ஸ் நாளிதழ் அதன் மூலத்தையே கண்டுபிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் காட்டியது. 1864-ல் மோரிஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியைக் கிண்டல் செய்து எழுதிய உரையாடல் நூல் அது. அதில் யூதர் என்ற பேச்சே இல்லை. பத்தி பத்தியாக அதைத் திருடி, பேசுகிறவரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

அம்பலமான பிறகும் அது நிற்கவில்லை. அமெரிக்காவில் கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு தன் பத்திரிகையில் பரப்பினார், 1927-ல் மன்னிப்புக் கேட்டார். நாஜிகள் கையில் எடுத்தார்கள். 1988-ல் பாலஸ்தீன இயக்கமான ஹமாஸ் தன் சாசனத்தின் 32-ஆம் பிரிவில் அதைச் சான்றாகக் காட்டியது. ஜார் மன்னர் காலத்து ரஷ்யப் பத்திரிகை, அமெரிக்க முதலாளி, ஹிட்லர், ஹமாஸ். ஒரே போலிக் காகிதம்.

ராத்சைல்ட் என்ற யூதக் குடும்பம்தான் எல்லா நாட்டு ரிசர்வ் வங்கிக்கும் சொந்தக்காரர்களாமே? இல்லுமினாட்டி என்கிறார்களே?

இந்த ஃபார்வர்டை எனக்கே பலர் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கறுப்புப் பின்னணி, ஒற்றைக் கண் முக்கோணம், 'இந்த நாடுகளில் மட்டும்தான் அவர்கள் வங்கி இல்லை, அதனால்தான் அங்கே போர்' என்று ஒரு பட்டியல், கடைசியில் 'தமிழனாக இருந்தால் பகிர்' என்று ஒரு வரி.

நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சோதிப்போம். இந்திய ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அப்போது பங்குதாரர்கள் இருந்தார்கள். 1949 ஜனவரி 1-ல் தேசியமயமானது. அன்றிலிருந்து முழுக்க இந்திய அரசுக்குச் சொந்தம். உங்கள் பையில் இருக்கிற நோட்டை அடிப்பதில் எந்த ராத்சைல்டுக்கும் பங்கு இல்லை. நம் நாட்டைப் பற்றிச் சொன்னதே பொய் என்றால், மீதியை எதை நம்பி ஏற்பது? சொத்து மதிப்பில் இன்று உலகின் மிகப் பெரிய வங்கி சீன அரசுடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்சைல்ட் குடும்பம் 19-ஆம் நூற்றாண்டில் உண்மையிலேயே பெரிய வங்கியாளர்கள், அதை மறுக்க வேண்டியதில்லை. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்ச் செய்தியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு கோடிகள் சம்பாதித்தார்கள் என்ற கதையோ 1846-ல் வந்த ஒரு துண்டுப் பிரசுரம் பரப்பியது. 1940-ல் நாஜிகள் அதைப் படமாகவே எடுத்தார்கள்.

இல்லுமினாட்டி என்பது 1776-ல் ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கிய சங்கம். அவர் யூதர் இல்லை. பத்து வருடம்கூட ஆகாமல் அரசு தடை செய்துவிட்டது. யூதர்களைப் பின்னால் வந்தவர்கள் அந்தக் கதையில் ஒட்டவைத்தார்கள்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கிறார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்திக்குப் பயந்து எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். எல்லாம் யாரோ சிலரின் சதி என்று பழகிய மனசு ஊசியையும் சதியாகத்தான் பார்க்கும். இந்தியாவில் 1893-ல் காலரா தடுப்பூசியைக் கொண்டுவந்து போட்டவர், பம்பாயில் பிளேக் தடுப்பூசி தயாரித்து 1897 ஜனவரியில் முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர், ஒடெசாவில் பிறந்த ஒரு யூதர். வால்டெமார் ஹாஃப்கின் என்பது அவர் பெயர். பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.

ஹிட்லர் கொடுமைக்காரர்தான், ஆனால் நல்ல நிர்வாகி இல்லையா? நேதாஜியே போய்ப் பார்த்தாரே?

பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடைபாதைக் கடையில் முன்னேற்ற நூல்களுக்கு நடுவே ஹிட்லரின் சுயசரிதையும் தமிழில் விற்கிறது. வாங்கும் பையன்கள் யூதரை வெறுத்து வாங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். 'கட்டுப்பாடான ஆள், சாதித்தவர்' என்று நினைத்து வாங்குகிறார்கள். எதைச் சாதித்தார்? 1933-ல் கையில் வந்த நாட்டை 1945-ல் இடிபாடாக விட்டுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். அவர் போட்டதாகச் சொல்லும் நெடுஞ்சாலையில் கொலோன்-பான் பகுதி அவர் வருவதற்கு முன்பே, 1932-ல் திறந்தாகிவிட்டது. கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம். அதில் சுமார் 15 லட்சம் குழந்தைகள்.

நேதாஜி 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்தார். வெள்ளைக்காரனை விரட்ட உதவி கேட்டுப் போனார். ஹிட்லர் நம்மை என்னவாக நினைத்தார் என்பது அவர் புத்தகத்திலேயே இருக்கிறது. இந்தியா வேறு யாரிடமும் இருப்பதைவிட ஆங்கிலேயரிடம் இருப்பதே தனக்கு உவப்பு என்று எழுதினார்.

ஒன்றை மட்டும் நீலகிரியில் இருக்கும் உங்கள் உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள். இலங்கை 1948-ல் சட்டம் போட்டு மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்தவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிறந்த மண்ணில் ஒரு சட்டத்தால் அந்நியன் ஆவது எப்படி இருக்கும் என்று அந்த வீடுகளில் சொல்வார்கள். ஜெர்மன் யூதர்களுக்கு 1935-ல், குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்கள் வந்தன. அவர்களுக்குத் திரும்பிப் போக எதிர்க்கரை இல்லை.

காஸாவுக்காக இஸ்ரேலை விமர்சித்தால் யூத வெறுப்பா?

கிடையாது. எந்த அரசையும் போல இஸ்ரேல் அரசையும் விமர்சிக்கலாம், ஊர்வலம் போகலாம், கோபப்படலாம். இஸ்ரேலிலேயே ஆயிரக்கணக்கான யூதர்கள் அதைச் செய்கிறார்கள். 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் காஸாவில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள், குழந்தைகள் ஏராளம். இரண்டுக்கும் அழுகிறவரை யாரும் குறை சொல்ல முடியாது. முள்ளிவாய்க்காலைப் பார்த்த தமிழருக்கு காஸா வலிப்பது இயல்பு.

கோடு எங்கே என்றால், அரசை விட்டு ஆளுக்குத் தாவும் இடத்தில். வட்டக்கானலில் டீ குடிக்கிற பெண்ணிடம் 'நீங்கள்தானே குழந்தைகளைக் கொல்கிறீர்கள்' என்பது, பாரிஸில் ஒரு யூத மளிகைக் கடைமேல் கல் எறிவது, 'ஹிட்லர் மிச்சம் வைத்துவிட்டான்' என்று ஸ்டேட்டஸ் போடுவது. கடைசியில் சொன்னதை நம் பிள்ளைகளின் ஸ்டேட்டஸிலேயே பார்த்துவிட்டுத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

சீசனில் வருகிற இஸ்ரேல்காரர்கள் கஞ்சா, காளான், பார்ட்டி என்று ஊரைக் கெடுக்கிறார்களே?

போதை வழக்கு என்றால் போலீஸ் இருக்கிறது. யார் செய்தாரோ அவர் பேரில் புகார் கொடுங்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து அதையே செய்கிறவர்களுக்கு நாம் மதப் பட்டம் கட்டுவதில்லை.

இதெல்லாம் முஸ்லிம்களைக் குற்றம் சொல்கிற வேலை இல்லையா?

அப்படி ஆக்குகிறவர்கள் உண்டு, அதற்கு நான் துணை போகமாட்டேன். வெளிநாட்டவர் வந்து வெள்ளையரை ஒழிக்கப் போகிறார்கள் என்ற அதே கதையை நம்பியவன்தான் 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 முஸ்லிம்களைக் கொன்றான்.

2015 ஜனவரியில் பாரிஸில் யூத மளிகைக் கடைக்குள் துப்பாக்கியோடு புகுந்தவன் நான்கு பேரைக் கொன்றான். அங்கே வேலை பார்த்த லாசானா பாத்திலி, மாலி நாட்டிலிருந்து வந்த முஸ்லிம். வாடிக்கையாளர்களைக் கீழே குளிர்பதன அறைக்குள் அனுப்பி, விளக்கையும் மெஷினையும் அணைத்து, சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். பிறகு சரக்கு லிஃப்டில் வெளியேறி, உள்ளே கடை எப்படி இருக்கிறது என்று போலீசுக்கு விளக்கினார். நம் கொச்சி யூதத் தெருவில் 2019-ல் காலமான மூதாட்டியின் கடையை அவருடைய கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவரும் ஒரு முஸ்லிம் நண்பர்தான்.

என் தம்பி இந்த மாதிரிச் சதிக்கதை வீடியோக்களிலேயே கிடக்கிறான். என்ன செய்வது?

வீட்டார் முன்னால் மடக்காதீர்கள். அவமானப்பட்டவன் அந்த க்ரூப்புக்குள் இன்னும் ஆழமாகப் போவான். தனியாக, நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கூற்றை எடுங்கள். 'எந்த வங்கி? எந்த வருஷம்? யார் பெயர்?' என்று கேட்டு, சேர்ந்தே தேடுங்கள். 'அவர்கள்' என்று மட்டும் சொல்லிப் பெயர் சொல்லாத கதை, பெயர் கேட்டதுமே தள்ளாடும்.

அப்புறம், அந்த வீடியோ அவனுக்கு என்ன தருகிறது என்று பாருங்கள். வேலை கிடைக்கவில்லை, நண்பர்கள் இல்லை, தனக்கு மட்டும் ரகசியம் தெரியும் என்ற பெருமை. அதற்கு மாற்றாக வீட்டில் ஏதாவது கிடைக்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். தப்பு என்று காட்டுவதற்காகக்கூட அந்த வீடியோவை குடும்ப க்ரூப்பில் போடாதீர்கள், பார்வை எண்ணிக்கை கூடி இன்னும் பத்துப் பேருக்குப் போகும். ஆனால் 'ஏதாவது செய்தாக வேண்டும்' என்றோ, ஆயுதம், இடம், தேதி என்றோ பேச ஆரம்பித்தால் காத்திருக்காதீர்கள். 112-க்குக் கூப்பிடுங்கள். தம்பியைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். கனகமலையில் பிடிபட்டவர்களின் வீட்டாருக்கு அந்த வாய்ப்பு முன்பே கிடைத்திருந்தால் சிறைக்குப் போகும் முன்பே அவர்களைத் தடுத்திருக்கலாம்.

நான் ரூம் வாடகைக்கு விடுகிறவன். என்னால் என்ன ஆகும்?

பிரான்சில் லெ ஷாம்போன் என்று ஒரு மலைக் கிராமம். கோடைக்கானலைப் போலவே கோடைக்காலத்துக்கு ஆட்கள் வந்து தங்குகிற ஊர். விடுதிகள், வாடகை அறைகள், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடம். 1940 முதல் 1944 வரை அந்த விடுதிக்காரர்களும் சுற்றுவட்டார விவசாயிகளும் ஆயிரக்கணக்கான அகதிகளை ஒளித்து வைத்தார்கள், அதில் பெரும்பாலானவர்கள் யூதர்கள். 1942-ல் நாஜிகளோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசின் அதிகாரிகள் வந்து யூதர்களின் பட்டியலைக் கேட்டார்கள். போதகர் ஆந்த்ரே ட்ரோக்மே, தங்களுக்கு யூதர் என்று யாரையும் தெரியாது, மனிதர்களைத்தான் தெரியும் என்று சொல்லிப் பட்டியல் தர மறுத்தார். அவருடைய உறவினர் டேனியல் ட்ரோக்மே அங்கே ஒரு விடுதியைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1943-ல் மாணவர்களோடு அவரும் கைதானார், மறு வருடம் நாஜிகளின் மைதானெக் முகாமில் இறந்தார்.

நம்மிடம் யாரும் அவ்வளவு கேட்கப்போவதில்லை. வெளிநாட்டு விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிவு செய்யுங்கள், அது சட்டம். அதைத் தாண்டி, 'யூதர்கள் எந்தக் காட்டேஜில் இருக்கிறார்கள், எத்தனை பேர், எப்போது கூடுவார்கள்' என்று வெளியாள் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். கேட்டவரின் வண்டி எண்ணைக் குறித்துக் காவல் நிலையத்தில் கொடுங்கள். டிரைவர்களும் சவாரியோடு பேசும்போது இதை மனதில் வையுங்கள். சுவரில் யாராவது வெறுப்பு வாசகம் எழுதினால் போட்டோ எடுத்துவிட்டு, புகார் கொடுத்துவிட்டு, அன்றே அழியுங்கள்.

சட்டம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. மதம், இனம், மொழி போன்றவற்றின் பேரில் பகையைத் தூண்டுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 196-ஆம் பிரிவில் குற்றம். மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது 299-ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் இவை 153ஏ, 295ஏ. 2024 ஜூலை 1-லிருந்து புது எண்கள். இணையத்தில் வந்ததைத் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியலாம். ஸ்கிரீன்ஷாட்டோடு லிங்க், தேதி, அனுப்பிய எண் மூன்றையும் சேர்த்து வையுங்கள். க்ரூப்பை விட்டு வெளியேறுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், அப்புறம் எடுக்க முடியாமல் போகலாம்.